பனி என்றுதான் நினைத்தோம்

முள்ளியவளை
மாசி 3

அன்புள்ள மகளுக்கு,

நீ மலையில் ஏறி நின்று எடுத்த படம் கிடைத்தது. கீழே அமெரிக்காவில் நீ இருக்கிற சால்ட் லேக் சிற்றி முழுக்கப் பழுப்பு மூட்டம், மேலே நல்ல நீல வானம். "என்ன வடிவான பனி" என்று அம்மா பக்கத்து வீட்டுக்கும் காட்டிவிட்டாள். அது பனி இல்லை, ஊத்தைக் காற்று என்று நீ போனில் சொன்ன பிறகு அவள் முகம் மாறிவிட்டது. உனக்குச் சின்னனில் முட்டு இழுத்த இரவுகள் ஞாபகம் வந்திருக்கும்.

நீ சொன்னது எனக்கு வயலில்தான் விளங்கியது. போன கிழமை மேற்குக் காணிக்காரர் அறுவடை முடிந்த கையோடு வைக்கலுக்கு நெருப்பு வைத்தார். பின்னேரம் புகை நேரே மேலே போனது. விடியப் போய்ப் பார்க்கிறேன், வரம்போடு வரம்பாகப் படுத்துக் கிடக்கிறது. பனைகளின் வட்டு மட்டும் வெயிலில் தெரிகிறது, அடிமரம் தெரியவில்லை. வரம்பில் குந்தி ஒரு பீடி பற்றவைத்தேன் (அம்மாவிடம் சொல்லாதே). அந்தப் புகையும் கொஞ்சம் எழும்பி, எதிலோ தட்டுப்பட்டதுபோல் பக்கவாட்டில் இழுபட்டது.

இரவில் நிலம் குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போகிறது. மேலே இருப்பது சூடான, லேசான காற்று. பிறகு எப்படிக் கலக்கும்? எங்களுக்கு எட்டு மணி வெயில் போதும், கலைந்துவிடும். உனக்கோ கிழக்கே வாசாட்ச் மலை, மேற்கே ஓக்கர் மலை, நிலமெல்லாம் வெண்பனி. இருக்கிற கொஞ்ச வெயிலையும் அது திருப்பி அனுப்பிவிடும். மூடி போட்ட பானைதான். புயல் ஒன்று வந்தால்தான் திறக்குமாம். இங்கே நாங்கள் புயல் வரக்கூடாது என்று வற்றாப்பளை அம்மனுக்கு நேருகிறோம்.

உன் ஊர் மூட்டத்தில் இருக்கிற நுண்ணிய தூளில் பெரும்பங்கு அமோனியம் நைத்திரேற்று என்றாயே, அதுதான் எனக்கு ஆச்சரியம். வாகனப் புகையின் வாயுவும் அமோனியாவும் காற்றிலேயே சேர்ந்து உண்டாகிறதாம். சண்டைக் காலத்தில் யூரியாவுக்கே தடை போட்டிருந்த வன்னியில் இருந்தவன் நான், உன் ஊரில் உரம் ஆகாயத்தில் மிதக்கிறது! ஒரு தலைமயிரின் குறுக்கே முப்பது தூளை அடுக்கலாம் என்றால் மூக்கு எதைத் தடுக்கும்?

2022 மார்கழி உனக்கு நினைவிருக்கும். மாண்டஸ் புயலோடு காற்றுக் கெட்டுப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள், குளிரில் மாடுகள் விழுந்தன. எங்கள் பட்டியிலும் இரண்டு. ஆனால் அது வெளியிலிருந்து வந்து போனது. உன்னுடையது அங்கேயே உண்டாகி அங்கேயே நிற்கிறது.

சரி, சொல்வதைக் கேள். உங்கள் நாட்டுச் சட்டத்தில் அந்தத் தூள் ஒரு கன மீற்றர் காற்றில், ஒரு நாள் சராசரியாக, 35 மைக்ரோகிராம் வரைக்கும் பரவாயில்லையாம். உலக சுகாதார நிறுவனம் 15 என்கிறது. நீ 15ஐப் பார். அதற்கு மேலே போகிற நாளில் வெளியில் ஓடாதே. துணி மாஸ்க் இதற்குச் சரிவராது, என்95 வாங்கு. முட்டுக்கு இழுக்கிற பம்பைப் பையிலேயே வைத்திரு.

நான் இந்த முறை எரிக்கவில்லை. வைக்கலில் பாதி மாட்டுக்கு, மிச்சம் தென்னையடிக்கு. மேற்குக் காணிக்காரரிடமும் சொன்னேன், சிரித்தார். அடுத்த போகத்துக்கும் கேட்பேன்.

மூட்டம் இல்லாத நாளில் அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்து அனுப்பு. பக்கத்து வீட்டுக்குக் காட்ட வேண்டுமாம்.

அப்பா