உங்கள் பராமரிப்பு அட்டையை நம்பியதால் பாழான தேக்கு மேசையும் நாற்காலிகளும்

கோத்தகிரி,
நீலகிரி மாவட்டம்.
10.02.2025

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: வெளிப்புறத் தேக்கு மேசை, ஆறு நாற்காலிகள் சேதமடைந்தது பற்றியும், உத்தரவாதம் மறுக்கப்பட்டது பற்றியும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். போன மாதம் நீங்கள் அனுப்பிய பதிலில் ஒரு வரி இருந்தது: "வாடிக்கையாளரின் பராமரிப்புக் குறைவால் ஏற்பட்ட சேதம் என்பதால் உத்தரவாதத்தில் வராது." மரம் கெட்டதைவிட இந்த வரிதான் என்னை அதிகம் வருத்தியது. இரண்டு வருடமாக அந்த மேசையை நான் கவனித்த அளவுக்கு என் சமையலறையைக்கூடக் கவனித்ததில்லை. அது எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

2023 ஏப்ரலில் உங்கள் கோவை விற்பனையகத்தில் இந்த செட்டை வாங்கினோம். விலை 92,000 ரூபாய். இங்கே எங்களுக்குச் சின்னதாக ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. வீட்டின் மூன்று அறைகளை ஹோம்ஸ்டேயாக விட்டிருக்கிறோம். வீட்டுக்கு முன்னால் கூரையில்லாத சிமென்ட் சிட்அவுட் உண்டு. மேகம் விலகினால் அங்கிருந்து மேட்டுப்பாளையம் வரை தெரியும். வருகிறவர்கள் எல்லோரும் டீயை எடுத்துக்கொண்டு அங்கேதான் போய் உட்காருவார்கள். பிளாஸ்டிக் நாற்காலி போட மனமில்லாமல், முதல் வருட வருமானத்தில் பெரும்பகுதியைச் செலவழித்துத் தேக்கு வாங்கினோம். "மலைக்குத்தானே மேடம், மழையோ வெயிலோ ஒன்றும் ஆகாது, ஐந்து வருடம் உத்தரவாதம்" என்று உங்கள் விற்பனையாளர் சொன்னார். அப்புறம் ஒரு பராமரிப்பு அட்டையைக் கையில் கொடுத்து, "இதில் இருப்பதை மட்டும் செய்யுங்கள், போதும்" என்றார்.

அதை மட்டும்தான் செய்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் நிறுவனத்தின் எண்ணெயைப் பூசச் சொன்னது அட்டை. பூசினேன். மழைக்காலத்தில் நீங்கள் கொடுத்த பிளாஸ்டிக் உறையால் தரைவரை மூடிக் கட்டச் சொன்னது. கட்டினேன். கறை விழுந்தால் ஸ்டீல் வுல்லால் தேய்க்கச் சொன்னது, அழுக்கேறினால் பிரஷர் வாஷரால் அடிக்கச் சொன்னது. இரண்டையும் செய்தோம். எண்ணெய் பூசிய தேதிகளையெல்லாம் சுவர்க் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். அந்தக் காலண்டர் தாள்களைப் படம் எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். எண்ணெய் டப்பாக்களின் ரசீதுகளும் இருக்கின்றன.

உங்கள் அட்டையை எழுதியவர் கோத்தகிரி மழையைப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நாங்கள் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைதான் பெரிய மழை. மலையின் கிழக்குப் பக்கம் இருக்கும் எங்களுக்கும் குன்னூருக்கும் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வரும் வடகிழக்கு மழைதான் கனமானது. 2009 நவம்பரில் பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை இங்கே யாரும் மறக்கவில்லை. மழை நின்றாலும் ஈரம் நிற்காது. மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டுப் போகும். துணி காய நான்கு நாள் ஆகும். இப்படிப்பட்ட ஊரில், காற்றுப் போக வழியில்லாத பிளாஸ்டிக் உறையைத் தரையோடு இழுத்துக் கட்டினால் உள்ளே என்ன நடக்கும்? ஈரச் சிமென்டிலிருந்து எழும் ஆவி வெளியே போக முடியாமல் உறையின் உட்பக்கத்தில் முத்து முத்தாகப் படிந்து, மறுபடி மரத்தின் மேலேயே சொட்டும். 2023 நவம்பரில் இரண்டு வாரம் கழித்து உறையை அவிழ்த்தேன். பூட்டிக் கிடந்த உக்கிராண அறையைத் திறந்ததுபோல் ஒரு வாடை. மேசைமேல் மிளகைத் தூவினதுபோல் கரும்புள்ளிகள். நாற்காலிக் கைகளில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம்.

உங்கள் சேவை எண்ணுக்கு அழைத்தேன். "எண்ணெய் போதவில்லை, இன்னொரு கோட்டிங் கொடுங்கள்" என்றார்கள். கொடுத்தேன். பத்து நாளில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டுத் திட்டாகப் படர்ந்துவிட்டன. ஸ்டீல் வுல்லால் தேய்த்தேன். முதல் நாள் பளிச்சென்று இருந்தது. அடுத்த மழைக்கு, தேய்த்த இடமெல்லாம் நீலம் கலந்த கருப்பில் புதுக்கறை விழுந்தது.

2024 ஜனவரியில் 3,500 ரூபாய் கட்டணம் வாங்கிக்கொண்டு உங்கள் ஆளே வந்து சுத்தம் செய்தார். மரியாதையான பையன். அவர்மேல் எனக்குக் குறை இல்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர் செய்தார். பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி, பிரஷர் வாஷரை மரத்துக்குப் பக்கத்தில் பிடித்து அடித்தார். அன்று சாயங்காலம் மேசை வெளுத்துப் போயிருந்தது. காய்ந்த பிறகு கையை வைத்துப் பார்த்தால் துவைக்கிற கல்லைத் தடவினதுபோல் வரிவரியாகத் தட்டுப்பட்டது. நாற்காலியில் உட்கார்ந்த ஒரு விருந்தினரின் புடவையில் சிலாம்பு மாட்டி இழுத்துவிட்டது. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

இவை எல்லாவற்றுக்கும் காரணம் என்ன என்பதை எங்களுக்கு விளக்கியவர் அரவேணுப் பக்கத்திலிருந்து வரும் ஆசாரி. எங்கள் வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாம் அவர் கைவேலை. மேசையைச் சுற்றிவந்து பார்த்தவர், எண்ணெய் டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது லின்சீட் ஆயில்மா. இதைப் பூசப் பூச பூஞ்சணத்துக்கு நீங்களே சோறு போடறீங்க" என்றார். டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆளி விதை எண்ணெய் பூஞ்சணத்துக்கு நல்ல தீனி. காய்ந்த ஊரில் அது வேகமாக இறுகிவிடும். எங்கள் குளிரிலும் ஈரத்திலும் நாள்கணக்கில் பிசுபிசுவென்று இருக்கும், தூசியையும் பூஞ்சண விதையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தேக்குக்குத் தன்னுடைய எண்ணெயே போதும் என்றார் அவர். எங்கள் வீட்டுப் பின்கட்டில், மாமியார் காலத்துத் தேக்கு பெஞ்சு ஒன்று முப்பது வருடத்துக்கு மேலாக வெளியில் கிடக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் கண்டதில்லை. வெள்ளிபோல் நரைத்திருக்கிறது, ஆனால் ஓர் இடம்கூட மக்கவில்லை. அதைக் காட்டித்தான் அவர் பேசினார். நரை நோய் இல்லை. வெயில் படுகிற மேல்தோல் மட்டும் நிறம் மாறுகிறது, கீழே மரம் அப்படியே இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும் என்பார்கள், அதனால் மலையில் நரை சீக்கிரம் வரும், அவ்வளவுதான். உங்கள் அட்டையோ அந்த நரையைப் 'பாதிப்பு' என்று எழுதி, எண்ணெய் வாங்க வைக்கிறது.

ஸ்டீல் வுல் விஷயமும் அப்படித்தான். அதன் துகள்கள் மரத்தில் தங்கி, மழை பட்டதும் துருவாகி, மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கருப்பாகிறதாம். அதை எடுக்க ஆக்சாலிக் ஆசிட்தான் வழி என்று சொல்லி, கையுறை போட்டுக்கொண்டு அவரே ஒரு நாற்காலிக்குச் செய்து காட்டினார். கறை போய்விட்டது. பிரஷர் வாஷர் மரத்தில் இருக்கும் மென்மையான பாகத்தை அரித்துக்கொண்டு போய்விடும், கெட்டியான ரேகை மட்டும் மேடாக நிற்கும். நான் தடவிப் பார்த்த வரிகள் அவைதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேசையின் கனமே குறைந்துவிடும் என்கிறார்.

இதைவிட முக்கியமான ஒன்றை உங்கள் அட்டை சொல்லாமல் விட்டிருக்கிறது. லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குவித்து வைத்தால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். துணியை விரித்துக் காய வைக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். நான் ஏறக்குறைய ஒரு வருடமாக அந்தத் துணிகளை ஒரு வாளியில் அமுக்கி, விறகுக் கொட்டகையில் வைத்திருந்தேன். கொட்டகையை ஒட்டித்தான் விருந்தினர் அறை இருக்கிறது. ஆசாரி சொல்லிக் கேட்டபோது எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. அட்டையிலோ டப்பாவிலோ இதற்கு ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை. என் பணத்தைத் திருப்பித் தராவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் உடனே அச்சிட்டு ஒட்டுங்கள்.

இதுவரை சொன்னது நீங்கள் தவறாகச் சொல்லிக் கொடுத்த பராமரிப்பு. இனிச் சொல்வது பொருளிலேயே இருக்கும் குறை.

ஆசாரி ஒரு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். உட்காரும் பலகையின் கீழே வரும் ரீப்பர்களில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு வெளிறிய நிறம். "இது வெள்ளைமா, வைரம் இல்லை" என்றார். தேக்கின் பெருமையெல்லாம் வைரம் பாய்ந்த நடுக்கட்டைக்குத்தான். ஓரத்து வெள்ளை, சாதாரண மரம்போல மழையில் மக்கும். திருப்புளியால் அழுத்தினால் ரொட்டிக்குள் போவதுபோல் உள்ளே போகிறது. ஆறு நாற்காலிகளில் நான்கில் இப்படி. உங்கள் விளம்பரத் தாளில் 'முழுக்க வைரத் தேக்கு' என்று இருக்கிறது. மேல்பக்கம் வைரத்தைக் காட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம் வெள்ளையை வைத்தது என் பராமரிப்புக் குறைவா?

திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகு என்று அதே தாளில் போட்டிருக்கிறீர்கள். மூட்டுகளிலிருந்து பழுப்பு நீர் வடிவதைப் பார்த்து இரண்டைக் கழற்றினோம். மேலே வெள்ளைப் பூச்சு, உள்ளே சாதாரண இரும்பு. தலை துருவேறி உதிர்ந்துவிட்டது, காந்தம் கப்பென்று பிடிக்கிறது. கழற்றிய இரண்டு ஆணிகளையும் ஒரு கவரில் போட்டு இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கால்களின் அடியிலும் ஒரு ரப்பர் புஷ் இல்லை. வெட்டுமுகம் நேராக ஈரச் சிமென்டில் நின்றால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரை மேலே இழுக்கும். எல்லாக் கால்களும் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கறுத்திருக்கின்றன. மெத்தைகளைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அவற்றைக் குரங்குகள் பிய்த்துவிட்டன, அது உங்கள் தவறில்லை.

போன ஏப்ரலிலிருந்து உங்கள் அட்டையைத் தள்ளி வைத்துவிட்டேன். வெயில் அடிக்கிற காலையில், பாத்திரம் கழுவும் சோப்பை வெந்நீரில் கலந்து, மெல்லிய நார் பிரஷ்ஷால் ரேகை போகிற திசையிலேயே தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டு அலசி, நாற்காலிகளைச் சாய்த்து வைத்துக் காய விடுகிறேன். மழைக்காலத்தில் உறை போடாமல் தாழ்வாரத்துக்கு நகர்த்தி, கால்களுக்கு அடியில் கிரானைட் துண்டு வைக்கிறேன். இந்த வடகிழக்கு மழைக்குப் புதிதாக ஒரு பூஞ்சணப் புள்ளிகூட வரவில்லை. ஆனால் முன்பே மக்கியது திரும்பி வராது அல்லவா?

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். வெள்ளை விழுந்த ரீப்பர்களை எடுத்துவிட்டு வைரக் கட்டையில் மாற்றித் தர வேண்டும். திருகாணிகள் அனைத்தையும் நீங்கள் விளம்பரத்தில் சொன்ன எஃகிலேயே போட வேண்டும். ஜனவரி 2024 சேவைக்கு வாங்கிய 3,500 ரூபாயும், ஏழு டப்பா எண்ணெய்க்கு நான் கொடுத்த பணமும் திரும்ப வேண்டும். 'பராமரிப்புக் குறைவு' என்ற வரியை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மலைக்கு அனுப்பும் பொருள்களுக்குத் தனியாக ஓர் அட்டை அச்சிடுங்கள். ஊட்டியிலும் குன்னூரிலும் கொடைக்கானலிலும் உங்கள் நாற்காலிகளைப் போட்டிருக்கும் ஹோம்ஸ்டேக்காரர்களும் இதே எண்ணெயைத்தான் பூசிக்கொண்டிருப்பார்கள். என்ன எழுத வேண்டும் என்று கேட்டால் ஆசாரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே சொல்கிறேன்.

முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். வாங்கியது கோவையில் என்றாலும், வசிக்கிற மாவட்டத்திலேயே மனுக் கொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. அதுவரை போகக்கூடாது என்பதுதான் என் ஆசை. கோவைக்கும் ஊட்டிக்கும் அலைய எனக்கும் நேரமில்லை, தோட்டத்தில் வேலை இருக்கிறது.

உங்கள் ஆளை அனுப்புவதாக இருந்தால் மார்ச் மாதத்துக்குள் அனுப்புங்கள். இப்போது நல்ல வெயில், மரம் முழுக்கக் காய்ந்திருக்கிறது, ரீப்பர் மாற்ற இதுதான் சரியான சமயம். மே மாதம் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும்போது எங்கள் மூன்று அறைகளும் நிரம்பிவிடும், அப்போது சிட்அவுட்டில் ஆட்கள் இருப்பார்கள். வருவதற்கு முதல் நாள் போன் செய்தால் ஆசாரியையும் வரச் சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி.