மிஸ் வீட்டுக் கயிறு

பொன்மலை,
நவம்பர் 24

அன்புள்ள குண்டூசிக்கு,

எட்டு மாதமாகக் கடிதம் போடாதது என் தப்புதான். அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இறங்கியதா? சரி, இப்போது எழுத உட்கார்ந்தது நம் இங்கிலீஷ் மிஸ் விஷயமாக.

நேற்று ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு வரும் வழியில் மிஸ் வீட்டில் எட்டிப் பார்த்தேன். "வா மேன், உக்காரு" என்ற அதே குரல். வயது 86. இடது கண் மங்கிவிட்டது, பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. ஆனால் ஜன்னல் கம்பியிலிருந்து காலண்டர் ஆணி வரை, வாழ்த்து அட்டை மாட்டும் அந்த நைலான் கயிறு இப்போதே கட்டியாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது! துணி கிளிப்புகளைக்கூட வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார். எண்ணினேன், 22 இருந்தது.

நாம் படிக்கும்போது இரண்டு கயிறு கட்டியும் இடம் போதாமல் அலமாரிக் கதவெல்லாம் வாழ்த்து அட்டை ஒட்டியிருக்குமே! போன வருஷம் வந்தவை மொத்தம் மூன்று. பாங்கிலிருந்து ஒன்று, சர்ச்சிலிருந்து ஒன்று, ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் தங்கையிடமிருந்து ஒன்று. உள்ளூரிலேயே இருக்கிற நான் கேக் வாங்கிக்கொண்டு போனேனே தவிர, ஒரு கார்டு போடத் தோன்றவில்லை.

கேக்குக்கு ஊறப்போட உலர்ந்த திராட்சையை நறுக்கிக்கொண்டே மிஸ் கேட்டார்: "செத்துப் போனவங்க போட மாட்டாங்க, அது தெரியும் மேன். இருக்கறவங்க?" எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பையில் இருந்த கத்தரிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே ஒர்க்ஷாப்பை இங்கே மாற்றியபோது கூடவே வந்த குடும்பம் அவருடையது. நம் தெருவில் மட்டும் எட்டு ஆங்கிலோ-இந்தியன் வீடு இருந்தது. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, கனடா என்று ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு போய், இப்போது மிஸ்ஸோடு சேர்த்து இரண்டு. அவர்கள் போனது போகட்டும், நாம் எங்கே போனோம்? காலையில் ஒர்க்ஷாப் சங்கு ஊதும் முன்பே எழுந்து, சம்பளம் வாங்காமல் ட்யூஷன் எடுத்தாரே, எத்தனை பேருக்கு! உனக்கும் எனக்கும் வேலை வாங்கிக் கொடுத்ததே அந்த இங்கிலீஷ்தானே.

வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோமே என்று சொல்லாதே. தங்கை மகன் வாங்கிக்கொடுத்த போன் சார்ஜ் இல்லாமல் மேசை டிராயரில் கிடக்கிறது. அதைக் கயிற்றில் மாட்டவும் முடியாது.

அப்புறம் அந்த பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். வருஷ வாரியாக ரப்பர் பேண்டு போட்டு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. 1984 கட்டில் உன் கார்டு! ரயில் இன்ஜின், மேலே நட்சத்திரம். பாய்லர் ஷாப் ஃபோர்மேன் மகள் வரைந்த இன்ஜினுக்கு மூன்றே மூன்று சக்கரம். கிறிஸ்துமஸ் ஸ்பெல்லிங்கில் ஒரு எழுத்தை வேறு விட்டிருக்கிறாய். அதைச் சிவப்பு மையில் திருத்தி, கீழே "வெரி குட்" போட்டிருக்கிறார். உனக்குக் கிடைத்த ஒரே வெரி குட் அதுதானே?

அதனால் ஒன்று தீர்மானித்துவிட்டேன். 22 கிளிப்பும் நிரம்ப வேண்டும். இதுவரை ஒன்பது பேரைப் பிடித்திருக்கிறேன். கடைசி பெஞ்சு ராட்சசன்கூட மறு பேச்சில்லாமல் சரி என்றான். எல்லாம் ஒரே நாளில் வந்து குவியக்கூடாது, டிசம்பர் முதல் வாரத்திலிருந்து தினம் ஒன்றிரண்டாக வந்தால் தபால்காரர் வரும் நேரத்துக்கு மிஸ் வாசலில் நிற்பார். உன் முறை 12ஆம் தேதி. நாக்பூரிலிருந்து வர ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டு 5ஆம் தேதியே போட்டுவிடு.

கார்டு கடையில் கிடைக்காது, தேடி அலையாதே. தெப்பக்குளத்தைச் சுற்றி நாலு கடை ஏறி இறங்கினேன், "இப்ப யாரு அக்கா வாங்குறா?" என்று கையை விரித்தார்கள். சார்ட் பேப்பரை மடித்து நீயே வரை. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில் பெரிய எழுத்தாக எழுது. வெறும் வாழ்த்து மட்டும் வேண்டாம், உன்னைப் பற்றி நாலு வரி எழுது. அதைத்தான் அவர் திரும்பத் திரும்பப் படிக்கிறார். 20 கிராமைத் தாண்டினால் 5 ரூபாய் ஸ்டாம்ப் போதாது, எடை போட்டு ஒட்டு. குறைந்தால் மிஸ்ஸிடம்தான் வந்து காசு கேட்பார்கள்.

உன் தம்பியின் விலாசமும் வேண்டும், உடனே அனுப்பு. அவனுக்கு 17ஆம் தேதியை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இந்தத் தடவை இன்ஜினுக்கு எல்லாச் சக்கரமும் போடு.

உன்,
பக்கத்து பெஞ்சு