பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொழிலை விட்டுவிட்ட ஒரு வாட்ச் மெக்கானிக்கிடம் மிஞ்சிக் கிடந்த பழைய பாகங்களை மொத்தமாக வாங்கியவன் நான். அப்போது செய்த முட்டாள்தனத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சாவி கொடுக்கிற பழைய வாட்ச்மேல் ஆசைப்படுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், அந்தக் காலத்து மெக்கானிக்குகளோ ஒவ்வொருவராகக் கடையைக் கட்டுகிறார்கள், அதனால் இதே தப்பை இன்னும் பலர் செய்வார்கள்.

அவருடைய மேசையில் வரிசையாகச் சின்ன இழுப்பறைகள், உள்ளே மடித்த காகிதப் பொட்டலங்கள், மேலே பென்சிலில் ஏதோ எண்கள். என் கண் போனதெல்லாம் முழு மூவ்மெண்ட்கள்மேல்தான், அதாவது வாட்சுக்குள் ஓடுகிற முழு இயந்திரம். பொட்டலங்கள் இடத்தை அடைக்கிறதே என்று அத்தனையையும் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

கொஞ்ச நாளில் ஏ.எஸ். என்கிற ஸ்விஸ் கம்பெனியின் 1130 மூவ்மெண்ட் ஒன்று கைக்கு வந்தது, அதில் பேலன்ஸ் ஸ்டாஃப், அதாவது ஆடுகிற பேலன்ஸ் வீலின் அச்சு, உடைந்திருந்தது. அந்த ஸ்டாஃபின் இரண்டு நுனியும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும், அதிர்ச்சி தாங்கும் அமைப்பு இல்லாத வாட்ச் ஒரு தடவை கீழே விழுந்தாலே நுனி போய்விடும். மாற்று ஸ்டாஃப் என் டப்பாவிலேயே இருந்தது. எது என்றுதான் தெரியவில்லை! நான் கிழித்துப் போட்ட காகிதத்தில் ‘1130 – 723’ என்று எழுதியிருந்திருக்கும். முதல் எண் மூவ்மெண்ட், அடுத்தது பாகம். ஸ்விஸ் பாகங்களில் 401 என்றால் சாவித் தண்டு, 723 பேலன்ஸ் ஸ்டாஃப், 770 வாட்சை ஓட்டுகிற மெயின் ஸ்பிரிங், எந்த மூவ்மெண்ட்டாக இருந்தாலும் அதே எண்தான். ஒரே மூவ்மெண்ட்டுக்கே இன்காப்ளாக் என்கிற அதிர்ச்சி தாங்கும் அமைப்பு வைத்ததற்கு ஒரு ஸ்டாஃப், இல்லாததற்கு வேறு என்பதும் உண்டு. காகிதம் போய்விட்டால் ஒவ்வொன்றாக மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் நுனி ரூபிக் கல்லின் துளைக்குள் போகாது.

மூவ்மெண்ட்டில் இந்தத் தலைவலி இல்லை. பெரும்பாலும் பேலன்ஸ் வீலுக்கு அடியிலேயே கம்பெனி முத்திரையும் எண்ணும் குத்தியிருக்கும், லென்ஸில் பார்த்தால் போதும். ஓடாத மூவ்மெண்ட்டையும் தள்ளாதீர்கள், இன்னொன்றைப் பிழைக்க வைக்க அது வேண்டும். சாவித் தண்டு நுழைகிற இடத்தில் துருப் பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், தண்ணீர் உள்ளே போகும் வழி அதுதான். ஸ்க்ரூ தலைகள் நைந்திருந்தால் தெரியாத கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். நீல எஃகு மெயின் ஸ்பிரிங்குக்குப் பெரிதாகப் பணம் கொடுக்காதீர்கள், பிரிக்காத பொட்டலத்திலிருந்து எடுத்தது கூட மாட்டிய மறுநாள் ஒடியலாம்.

அப்புறம், பழைய டயலிலும் முள்ளிலும் பழுப்பேறிய ஒளிப்பூச்சு இருந்தால் அதைச் சுரண்டவே கூடாது. அது ரேடியமாக இருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லையே என்று நினைக்க வேண்டாம், செத்துப்போனது ஒளிரும் பொடிதான், ரேடியத்துக்குப் பாதி குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும். அந்தத் தூசி மூச்சில் போனால் ஆபத்து.

எடை போட்டு வாங்கி, தங்கக் கேஸை உருக்கிவிட்டு, பல்சக்கரங்களைப் பதக்கத்தில் ஒட்டி விற்கிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை வரவில்லை, விட்டுவிடுகிறேன். ஆனால் விற்கிற வீட்டாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்பா பொட்டலம் பொட்டலமாக வைத்திருப்பதைக் குப்பை என்று ஒதுக்காதீர்கள், இழுப்பறையோடு கொடுங்கள். வாங்குகிறவர்களும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடாமல், பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து எது எதற்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய அந்த நேரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பதுதான் நியாயம்.

கடைசியில் வெட்கத்தை விட்டு அந்த டப்பாவோடு அவரிடமே போனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, ட்வீசரால் ஒவ்வொன்றாகப் புரட்டி, சாயங்காலத்துக்குள் முப்பது நாற்பதை இனம் பிரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். 1130-க்கான ஸ்டாஃபும் அதில் கிடைத்தது. மீதியைப் பார்த்து, “இதெல்லாம் எனக்கே தெரியலப்பா” என்று மூடியைப் போட்டார். அந்த மீதி இன்னும் டப்பாவில்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்