போர் விமானம் ஓட்ட ஆசைப்படும் பெண்ணுக்கு முதலில் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர் விமானம் ஓட்டும் பெண்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், மறுவாரம் வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். அதில் ஒரு கடிதம்தான் என்னை எழுத வைத்தது. "எதிரி கையில் பிடிபட்டால் என்ன கதி? அதை நினைத்தால் எந்தத் தகப்பனும் அனுப்ப மாட்டான்" என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். பெண்ணை மட்டம் தட்ட அவர் அப்படி எழுதவில்லை. பிள்ளை பெற்றவரின் பயம் அது. அதனால் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்னா யெகோரோவா என்று ஒரு சோவியத் பெண். மாஸ்கோ மெட்ரோ சுரங்கம் தோண்டும்போது அங்கே வேலை பார்த்தவர். வேலை நேரம் போக ஃபிளையிங் கிளப்பில் சேர்ந்து பறக்கக் கற்றுக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் இல்-2 என்ற தாக்குதல் விமானத்தை ஓட்டினார். 1944 ஆகஸ்டில் போலந்தில் அந்த விமானம் சுடப்பட்டு எரிந்து விழ, பலத்த தீக்காயத்தோடு ஜெர்மானியரிடம் பிடிபட்டார். முகாமில் அவரைப் பிழைக்க வைத்தது கூடச் சிறைப்பட்டிருந்த டாக்டரும் மற்றக் கைதிகளும்தான். 1945 ஜனவரியில் சோவியத் படை வந்து முகாமைத் திறந்தது. அப்புறம் நடந்ததைத்தான் அந்தப் பெரியவர் கவனிக்க வேண்டும். உயிரோடு மீண்ட அந்தப் பெண்ணைச் சொந்த நாட்டு அதிகாரிகளே சந்தேகப்பட்டுத் துருவித் துருவி விசாரித்தார்கள். சோவியத் யூனியனின் வீரர் என்ற உயர்ந்த விருது அவருக்குக் கிடைக்க 1965 ஆனது. 1943-ல் வானில் காணாமற்போன சோவியத் போர் விமானி லிடியா லித்வியாக்குக்கு அதே விருது வந்தது 1990-ல். பிடிபடுகிற ஆபத்து ஆண் விமானிக்கும் உண்டு. திரும்பி வருகிறவளை எப்படி நடத்துகிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. அதில் நாம் ஒழுங்காக இருந்தால் தகப்பன்மாரின் பயத்தில் பாதி குறையும்.

உங்கள் கட்டுரை அந்தச் சோவியத் பெண்களை ஏதோ திடீரென்று முளைத்த வீராங்கனைகள்போலக் காட்டியதுதான் எனக்குக் குறையாகப் பட்டது. அவர்கள் திடீரென்று வரவில்லை. 1941 அக்டோபரில் பெண்களுக்கென்று மூன்று விமானப் படை ரெஜிமெண்டுகளை உருவாக்க உத்தரவு வந்தபோது, சோவியத் பெண் விமானி மரீனா ரஸ்கோவாவால் அவ்வளவு சீக்கிரம் ஆள் சேர்க்க முடிந்ததற்குக் காரணம், போருக்கு முன்பே நாடு முழுக்க ஃபிளையிங் கிளப்புகளில் பெண்கள் பயிற்சி பெற்றிருந்ததுதான்.

அதில் 588-வது ரெஜிமெண்ட் இரவுக் குண்டுவீச்சுக்கானது. போ-2 என்கிற, மரச்சட்டத்தில் துணி போர்த்திய இரண்டடுக்கு இறக்கை விமானம். மேலே மூடி கிடையாது. மணிக்கு 150 கிலோமீட்டர் போனாலே பெரிது. இலக்கை நெருங்கும்போது எஞ்சினை அடக்கிவிட்டுச் சத்தமில்லாமல் இருட்டில் சறுக்கி வந்து குண்டைப் போட்டுவிட்டுத் திரும்புவார்கள். போரின் பெரும்பகுதியில் பாராசூட்கூட இல்லை. ஓட்டுகிறவரும், வரைபடம் பார்த்து வழி சொல்கிறவரும் மட்டுமல்ல, மெக்கானிக்குகளும் குண்டு மாட்டுகிறவர்களும் பெண்கள்தான். ஒரே இரவில் திரும்பத் திரும்பப் போய் வரும் விமானங்களுக்கு, கொட்டும் பனியில் தரையில் மண்டியிட்டு, குண்டை வெடிக்க வைக்கும் பியூஸைப் பொருத்தக் கையுறை இடைஞ்சல் என்று வெறுங்கையால் உறைந்த இரும்பைத் தொட்டுக் குண்டு மாட்டியிருக்கிறார்கள். 23,000-க்கும் மேற்பட்ட பறப்புகள் அந்தக் கைகளைத் தாண்டித்தான் போயின. படத்தில் சிரிக்கிற விமானியோடு இந்தப் பெண்களையும் எழுதுங்கள் ஐயா. போர் முடிந்ததும், 1945-லேயே, அந்த ரெஜிமெண்டைக் கலைத்து அனுப்பிவிட்டார்கள்.

குண்டு யார் கையிலிருந்து விழுந்தாலும் குண்டுதான், போரை நான் கொண்டாடவில்லை. ஆனால் நாட்டுக்கு விமானப் படை வேண்டும் என்றால் அதில் சேரும் தகுதியைப் பெண் என்பதற்காக மறுக்கக் கூடாது.

நம் நாட்டில் 1999 கார்கில் போரில் குஞ்ஜன் சக்சேனாவும் ஸ்ரீவித்யா ராஜனும் சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டினார்கள். அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் போர் விமானிகளாகப் பொறுப்பேற்றது 2016 ஜூனில். 2018-ல் அவனி மிக்-21 போர் விமானத்தைத் தனியாகவே ஓட்டினார். பெண்களைப் போர் விமானிகளாகச் சேர்ப்பது முதலில் "சோதனை முயற்சி" என்ற பெயரில் நடந்தது. 2022-ல்தான் நிரந்தரமாக்கினார்கள். 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு முப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமியும் பெண்களுக்குத் திறந்து, 2025 மே மாதத்தில் முதல் அணியாக 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். சரி, கதவு திறந்தாயிற்று. நம் பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்வார்களா?

பாளையங்கோட்டையில் பல ஆண்டு இயற்பியல் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கதவு பதினோராம் வகுப்பு அட்மிஷன் அன்றைக்கே பல பெண்களுக்குச் சாத்தப்படுகிறது. அகாடமியின் விமானப் படைப் பிரிவானாலும், பட்டம் முடித்து எழுதும், விமானப் படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் அஃப்கேட் தேர்வு வழியாக விமானியாவதானாலும், பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் படித்திருக்க வேண்டும். நன்றாக மார்க் வாங்குகிற பெண்கள்கூட நர்ஸிங்கை மனதில் வைத்துக் கணக்கு இல்லாத பியூர் சயின்ஸுக்குப் போய்விடுகிறார்கள். முக்கூடல் பக்கத்திலிருந்து மகளைச் சேர்க்க வந்த ஓர் அம்மா, விரல் நுனியில் பீடித்தூள் கறையோடு என் எதிரில் உட்கார்ந்து, "எதுக்கு டீச்சர் கணக்கப் போட்டு மண்டைய ஒடைக்கணும்? பயாலஜி எடுத்தா நர்ஸு வேலைக்குப் போயிப் பெழச்சுக்கிடுவா" என்றார். அந்தப் பெண் பத்தாம் வகுப்புக் கணக்கில் 98 வாங்கியிருந்தாள். கணக்கும் பயாலஜியும் சேர்ந்த குரூப்பே இருக்கிறது, இரண்டு வழியும் திறந்திருக்கும் என்று எடுத்துச் சொன்னதும் அந்த அம்மா உடனே ஒத்துக்கொண்டார். அதுவரை அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகிற வாரத்தில் இதற்கென்று உங்கள் திருநெல்வேலிப் பதிப்பில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்த குரூப் எடுத்தால் எந்தத் தேர்வு எழுதலாம், எந்த வயதுக்குள் எழுத வேண்டும் என்று தமிழில், பெரிய எழுத்தில் போடுங்கள். பீடி சுற்றுகிற வீட்டுக்கும் வயல் வேலைக்குப் போகிற வீட்டுக்கும் போய்ச் சேர்வது உங்கள் பத்திரிகைதான். விவரங்களைச் சரிபார்த்துக் கொடுக்க, ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நாங்கள் சிலர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை.