'ஓரோச்சி' பார்க்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

கியோட்டோவில் 'ஓரோச்சி' என்ற பழைய ஜப்பானிய ஊமைப்படம் போடுகிறார்கள், கூடவே பென்ஷியும் (ஊமைப்படத்துக்கு நேரில் குரல் கொடுத்துக் கதை சொல்பவர்) உண்டு என்று எழுதியிருந்தாய். கட்டாயம் போம்மா. அதன் நாயகன் பாண்டோ சுமாசாபுரோவை முதல் தடவை பார்க்க இதைவிட நல்ல படம் கிடையாது.

அவருக்கு முன்னால் சாமுராய் படம் என்றால் ஒனோயே மாட்சுனோசுகேதான். 1909-இல் தொடங்கி 1926-இல் சாகும்வரை ஆயிரம் படம் போல நடித்துத் தள்ளியவர். கேமரா மேடைக்கு எதிரே அசையாமல் நிற்கும். அவர் வாளை ஓங்கி, அப்படியே உறைந்து, கண்ணை உருட்டி முறைப்பார். எல்லாம் ஜப்பானின் பழைய மேடை நாடகமான கபுகியின் முறை.

சுமாசாபுரோவும் கபுகி கற்றவர்தான். ஆனால் 1923-இல் படத் தயாரிப்பாளர் மகினோ ஷோசோவிடம் சேர்ந்த பிறகு அந்த உறைதலை உடைத்துவிட்டார். 1925-இல் 'ஓரோச்சி' வந்தபோது அவருக்கு 24 வயது நிரம்பவில்லை. நல்லது செய்யப் போய்க் கெட்ட பெயரே வாங்கும் ஒரு சாமுராயின் கதை. மேலே இருப்பவர்கள்தான் அயோக்கியர்கள் என்று சொல்வதால் தணிக்கைக்காரர்கள் சும்மா விடவில்லை. முதலில் வைத்த தலைப்பையும் மாற்றச் சொன்னார்கள், பல இடங்களை வெட்டவும் செய்தார்கள்.

கடைசிச் சண்டை 27 நிமிடம் போல ஓடும். அங்கே அவரை மட்டும் பார்க்காதே, சுற்றி இருப்பவர்களையும் பார். நடுவில் நிற்பவர் ஷின், வந்து விழுகிறவர்கள் கராமி. சண்டையைத் தாங்குவது கராமிகள்தான். ஒருவர் வாளைத் தலைக்கு மேல் தூக்கினால் அது ஷினுக்குச் சைகை. அவர் குறுக்கே வீசுவார், வாள் உடம்பில் படாது. கேமரா வைத்த கோணத்தில் நடுவே உள்ள இடைவெளி தெரியாது. பக்கவாட்டில் வைத்தால் மாட்டிக்கொள்ளும். கராமி ஒரு கணம் பிந்தி விழுந்தாலும் வெட்டு பொய்யாகிவிடும், முந்தி விழுந்தால் இன்னும் மோசம்.

அந்தக் காலத்துச் சண்டை வாள் பெரும்பாலும் தகேமிட்சு, அதாவது மூங்கில் அலகில் வெள்ளித்தாள் ஒட்டியது. கனமே இராது. மணிக்கட்டால் மட்டும் ஆட்டினால் குச்சி வீசுகிற மாதிரி இருக்கும். இரும்பின் கனத்தை இடுப்பும் தோளும்தான் காட்ட வேண்டும். சுமாசாபுரோ ஒவ்வொரு வீச்சுக்கும் இடுப்பைத் தாழ்த்துவதைக் கவனி. நேரம் போகப் போகத் தலைமுடி அவிழ்ந்து, கால் தள்ளாடி, மூச்சு வாங்க நிற்பார். வீரன் களைத்துப்போவதை இப்படிக் காட்டியதுதான் அவருடைய பெரிய சாதனை என்பேன்.

ஒரு எச்சரிக்கை. ஊமைப்படங்களைக் கையால் சுற்றித்தான் எடுத்தார்கள், நொடிக்கு 16 பிரேம் போல. அதை 24-இல் ஓட்டினால் 30 நிமிடக் காட்சி 20 நிமிடத்தில் முடிந்துவிடும், களைப்பெல்லாம் கேலிக்கூத்தாகத் தெரியும். இணையத்தில் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் பலர் இவரைக் குறைத்துப் பேசுகிறார்கள்.

பிந்திய காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொந்தக் கம்பெனி வைத்து, 1926-இல் கியோட்டோவின் உசுமாசா பகுதியில் ஸ்டூடியோ கட்டினார். இன்று தோயேய் ஸ்டூடியோ இருக்கும் இடம் அதுதான். பேசும்படம் வந்ததும் திண்டாடினார். மெல்லிய, உயர்ந்த குரல், அந்த உடம்புக்கு ஒட்டவில்லை. 1935-இல்தான் முதல் பேசும்படம், அடுத்த ஆண்டே கம்பெனி கலைந்தது. அதோடு முடிந்துபோகாமல் குரலைப் பழக்கிக்கொண்டு நிக்காட்சு படக் கம்பெனியில் சேர்ந்தார். 1943-இல் இனகாகி ஹிரோஷி இயக்கத்தில் வாளே இல்லாமல் ரிக்‌ஷாக்காரனாக நடித்தாரே, அதையும் தேடிப் பார். ராணுவ அதிகாரியின் விதவையிடம் அவன் மனதைத் திறக்கும் இடத்தைப் போர்க்காலத் தணிக்கை வெட்டிவிட்டது. போர் முடிந்ததும் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் வேறு சில இடங்களை வெட்டியது. 1953 ஜூலை 7-இல், 51 வயதில், மூளை ரத்தக்கசிவால் இறந்தார்.

அரங்கில் பென்ஷி திரைக்கு ஓரமாக நிற்பார். இரண்டும் ஒரே பார்வையில் படுகிற மாதிரி நடுவில், கொஞ்சம் பின்னால் உட்கார். எத்தனை பிரேமில் ஓட்டினார்கள் என்று கேட்டு எழுதும்மா.

அன்புடன்,
அப்பா