‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டிய பில்கள் காணாமல் போனது பற்றிய புகார்

அனுப்புநர்: மொத்த வியாபாரி, நாலாம் குறுக்குத் தெரு, புறக்கோட்டை, கொழும்பு 11
பெறுநர்: முகாமையாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

சென்ற வியாழக்கிழமை பின்னேரம் எங்கள் கடையில் கரன்ட் நின்றது. யூபிஎஸ் பற்றரி பழசு, தாங்கவில்லை. திரும்பக் கரன்ட் வந்து கணினியைப் போட்டபோது, நிற்பதற்குச் சற்று முன் மூன்று கவுண்டரிலும் உங்கள் பில் மென்பொருளில் போட்ட நாலு பில்களைக் காணவில்லை. நாலுக்கும் திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்தது. நாலும் அச்சாகி வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டன. அதில் ஒன்று கடன் பில், பருப்பு 20 மூட்டை. நாட்டாமிமார் லொறியில் ஏற்றியும் விட்டார்கள். வாங்கியவர் நேர்மையான மனிதர், தானே பில்லைக் கொண்டுவந்து காட்டினார். இல்லாவிட்டால் அந்தக் கடன் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

அதைவிடப் பெரிய சிக்கல் பில் இலக்கம். கோப்பில் கடைசியாக இருந்த இலக்கத்திலிருந்து உங்கள் மென்பொருள் மறுபடி எண்ணத் தொடங்கி, அதே நாலு இலக்கங்களை வேறு நாலு பேருக்குக் கொடுத்துவிட்டது. ஒரே இலக்கத்தில் இரண்டு பில்லை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு நான் எப்படிக் காட்டுவது?

உங்கள் பதில் கடிதத்தில், இது லினக்ஸ் கேர்னல் (கணினியை இயக்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி) செய்த வேலை, மின்தடைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் ஏற்கவில்லை. கணினி படித்த என் மகளும் நானும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து சோதித்தோம்.

மென்பொருள் எழுதச் சொல்வதைக் கேர்னல் முதலில் நினைவகத்தில்தான் வைத்துக்கொள்கிறது. எங்கள் தொழிலில் சொன்னால், அது சிட்டை, அதாவது அவசரக் குறிப்பு. டிஸ்க்தான் பேரேடு, நிரந்தரக் கணக்குப் புத்தகம். ஒவ்வொரு வரிக்கும் பேரேட்டைத் திறந்தால் வேலை ஓடாது என்பதால் சேர்த்து வைத்துப் பதிகிறது. பதிகிற வேலைக்கென்று உள்ளே ஒரு ஆள் மாதிரி ஒரு திரெட் 5 செக்கனுக்கு ஒருமுறை எழும்பிப் பார்க்கும். 30 செக்கனுக்கு மேல் பழசானதை எடுத்து எழுதும். கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 10 வீதம் பதியாத தரவால் நிறைந்தால், காலம் பாராமல் எழுதத் தொடங்கும். 20 வீதத்தைத் தொட்டால் எழுதுகிற மென்பொருளையே காக்க வைக்கும். மாற்றாமல் விட்டால் இவைதான் அளவுகள். எங்கள் கணினியில் 8 ஜிபி நினைவகம், ஒரு பில்லோ சில கிலோபைட். பத்து வீதம் ஒருநாளும் நிறையாது. ஆகவே ஒவ்வொரு பில்லும் அரை நிமிடம் வெறும் சிட்டையில்தான் கிடக்கிறது.

இதைக் கேர்னல் மறைக்கவில்லை. ‘இப்போதே டிஸ்க்கில் பதி, பதிந்த பிறகு சொல்’ என்று கேட்க எஃப்சிங்க் என்ற அழைப்பைத் தந்திருக்கிறது. உங்கள் மென்பொருள் கேட்கிறதா என்று மகள் ஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தாள்; ஒரு மென்பொருள் கேர்னலிடம் என்னென்ன கேட்கிறது என்று காட்டும் கருவி அது. பில்லுக்குப் பில் ரைட் என்ற ‘எழுது’ அழைப்பு மட்டும்தான் வந்தது. ஒரு எஃப்சிங்க் கூட இல்லை. பிறகு ‘சேமிக்கப்பட்டது’ வந்து பத்து செக்கனுக்குள் பிளக்கைப் பிடுங்கினோம். ஆறு தடவையும் பில் போய்விட்டது. ஒரு நிமிடம் பொறுத்துப் பிடுங்கியபோது ஆறு தடவையும் இருந்தது.

உங்கள் ஆள் வந்து அந்த 30 செக்கனை 1 செக்கனாகக் குறைத்துவிட்டு, ‘சரியாகிவிட்டது’ என்றார். சரியாகவில்லை. அந்தத் திரெட் எழும்புவது இன்னும் 5 செக்கனுக்கு ஒருமுறைதான். அதையும் குறைத்தாலும், பதியும் முன்பே ‘சேமிக்கப்பட்டது’ என்று சொல்லும் பொய் அப்படியே இருக்கும்.

என் அப்பா காலத்தில் பேரேட்டில் மையால் எழுதாமல் ஒரு மூட்டை படி இறங்காது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரன்ட் வெட்டிய நாடு இது. இங்கே விற்கும் மென்பொருளுக்கு மின்தடை புதுச் செய்தியா? எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கில் ஒரு எஃப்சிங்குக்குப் போகும் நேரம், பில் அச்சாகும் நேரத்துக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

நான் கேட்பது: பில்லை எழுதி, எஃப்சிங்க் கேட்டு, அது வெற்றி என்று திரும்பிய பிறகே ‘சேமிக்கப்பட்டது’ வரவேண்டும், அச்சும் அதற்குப் பிறகே. பிழை திரும்பினால் அதைத் திரையில் காட்டுங்கள், அச்சடிக்க விடாதீர்கள். இரட்டை இலக்கம் விழுந்த பில்களைப் பற்றி, நான் கணக்காளரிடம் கொடுக்கக்கூடியதாக எழுத்தில் விளக்கம் தாருங்கள்.

திருத்திய மென்பொருள் வரும்வரை கார்பன் பில் புத்தகத்தில் எழுதுகிறோம். அதுவரைக்கும் மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் கட்டமாட்டேன். 14 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்