சேலம் செவ்வாய்ப்பேட்டைத் தெருவுக்கும் பட்டறைத் தாத்தாவுக்கும்

எங்கள் தெருவுக்கு வணக்கம்.

நான் கட்டிக்கொண்டிருக்கும் படகை எல்லோருமாகக் காப்பாற்றிய அந்த மழை ராத்திரியைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. பாதிப் பேர் நனைந்துகொண்டு என் வீட்டு மாடியில்தான் நின்றீர்கள். படகு பிழைத்துவிட்டது. உள்மூட்டெல்லாம் இறுகி, தட்டினால் ஒரே பலகைபோல் சத்தம் வருகிறது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் கட்டுவது கயாக், துடுப்புப் போட்டுப் போகும் ஒல்லிப் படகு. அதில் ஆணி கிடையாது. தண்ணீர் தாங்கும் 4 மி.மீ. மெரைன் பிளைவுட்டை அறுத்து, ஓரங்களில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, தையலோரம் மரத்தூள் கலந்த எபாக்ஸிப் பசையை நிரப்ப வேண்டும். அன்றைக்குத் தையலெல்லாம் நெகிழ்ந்து கிடந்தது. அப்படியே விட்டிருந்தால் பலகை கோணிக்கொண்டு காய்ந்திருக்கும். ஒருமுறை முறுக்கிய செம்போ விறைத்துப்போய், குறடு பட்டதும் பட்பட்டென்று அறுந்தது. கடையெல்லாம் அடைத்தாயிற்று.

அப்போதுதான் கொலுசுப் பட்டறைத் தாத்தா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறி வந்தார். "கப்பல் கட்டுற வீடு" என்று எனக்குப் பேர் வைத்தவரே அவர்தான். கம்பிச் சுருளை வாங்கிப் பார்த்தார். பட்டறைக்குக் கொண்டுபோய், சிவக்கச் சுட்டு, தண்ணீரில் முக்கி எடுத்துவந்தார். நூல்போல வளைந்தது.

"வெள்ளியோ செம்போ, வேலை வாங்குனா விறைச்சுக்கும் கண்ணு. சூடு காட்டுனா எளகிடும்."

கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டார். கொலுசு வளையம் கோக்கும் சின்னக் குறடால், பிளைவுட் ஓரம் நசுங்காமல், ஒவ்வொரு தையலாக இறுக்கினார். ஆயுசு முழுக்கக் கடுகளவு சலங்கைமணியைப் பற்றவைத்த கண். நான் சரியாக இருக்கிறது என்றதையெல்லாம் பிரித்துப் போட்டார். கூலி என்று வாயெடுத்தேன். முறைத்தார் பாருங்கள்!

தார்ப்பாய் பிடித்த தறிக்காரத் தம்பிகள், இன்வர்ட்டரைத் தூக்கிவந்த மெக்கானிக் அண்ணன், டீ அனுப்பிக்கொண்டே இருந்த அக்கா, எல்லோருக்கும் நன்றி. கலந்த எபாக்ஸியைக் குவளையில் குவித்து வைத்தால் நம்ம ஊர் வெயிலுக்குச் சூடேறி இறுகிவிடும். பரப்பி வைக்கத் தாம்பாளம் தந்த பக்கத்து வீட்டம்மாவுக்குத் தனி நன்றி. அது இனிச் சமையலறைக்கு ஆகாதம்மா, புதுசு வாங்கித் தருகிறேன்.

இந்தத் தெருவில் இனி யார் வீட்டில் விளக்கு விடியவிடிய எரிந்தாலும், என்ன ஏது என்று கேட்க நான் படியேறி வருவேன்.

வெளிப்பக்கம் கண்ணாடியிழைத் துணியும் வார்னிஷும் பாக்கி. அனுமதி கிடைத்தால் மூக்கனேரியில் இறக்குவோம். முன்னிருக்கை தாத்தாவுக்கு. நீச்சல் தெரியாதாம். லைஃப் ஜாக்கெட் அவர் அளவுக்கே வாங்கிவிட்டேன். பாட்டியிடம் யார் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.